'டென்ஷன்' என்ற ஒற்றைச் சொல்லை உடைப்பது எப்படி

ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா போன் செய்வார். பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்பி, சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகராமல் கிடந்து, அல்சூரில் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றுகிற நேரம் அது. "ஏண்டா கண்ணு, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்பார். "ஒன்னுமில்லம்மா, டென்ஷன்" என்பேன். பதினேழு வருடமாக இதே கேள்வி, இதே பதில். போன வருடம் ஒருநாள் மட்டும் அவர் விடவில்லை. "டென்ஷன்னா என்னடா? யாராச்சும் திட்டினாங்களா, காசு பத்தலையா, பசியா?"

கடுப்பாகி போனை வைத்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்ன மூன்றுமே இல்லை. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அன்று ப்ரமோஷன் வந்திருந்தது. எனக்கு வந்தது பொறாமை. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள அரைமணி நேரம் ஆனது, சொன்னதும் பாதி பாரம் இறங்கியது. அதற்கப்புறம் இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், நிறைய என் மேலேயே சோதித்துப் பார்த்தேன். அதில் தேறியவை இவை.

முதல் வேலை, டென்ஷன் என்ற சொல்லை உடைப்பது. பெங்களூர் வந்த நம் ஆட்களுக்கு நாலு சொல்தான் கைவசம்: டென்ஷன், ஸ்ட்ரெஸ், மூடு சரியில்லை, அப்புறம் இங்கே ஒட்டிக்கொண்ட கன்னடம், 'தலே கெட்டு ஹோகிதே'. மேனேஜர் திட்டினாலும் டென்ஷன், ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறினாலும் டென்ஷன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரணமே இல்லாமல் வெறிச்சென்று இருந்தாலும் டென்ஷன். வயிற்றுவலி, பல்வலி, கால்வலி எல்லாவற்றுக்கும் 'வலி' என்று மட்டும் சொல்லி டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் எங்கே என்று பார்ப்பார்?

தமிழில் இதற்கா பஞ்சம்? எரிச்சல், ஆற்றாமை, ஆதங்கம், ஏக்கம், தவிப்பு, பதற்றம், சலிப்பு, விரக்தி, மனத்தாங்கல், வயிற்றெரிச்சல், கூச்சம், அவமானம், குற்ற உணர்ச்சி, வெறுமை. உணர்ச்சிகளைப் பிரித்துச் சொல்லத் தெரிவதை லிசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளர் ஒரு திறமையாகவே பேசுகிறார், பழகினால் வளர்கிற திறமை. 2007இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழு ஒரு சோதனை செய்தது. கோபமும் பயமுமாக இருக்கும் முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அமிக்டலா என்ற, ஆபத்து என்றால் முதலில் பதறுகிற பகுதியின் வேகம் குறைந்தது. அதே முகத்துக்கு ஓர் ஆள் பெயரைப் பொருத்தச் சொன்னபோது அப்படிக் குறையவில்லை. பேர் வைத்தாலே சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் பிடி கிடைக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். உடம்பில் எங்கே இருக்கிறது (தொண்டையா, நெஞ்சா, வயிறா)? சரியாக எது நடந்த நிமிடம் இது வந்தது? இப்போது என்னை என்ன செய்யச் சொல்கிறது? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் முடிச்சை அவிழ்க்கும். கத்தச் சொன்னால் கோபம். ஒளிந்துகொள்ளச் சொன்னால் அவமானம். போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் குற்ற உணர்ச்சி. இந்தக் கடைசி இரண்டையும் நாம் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 'நான் செய்தது தப்பு' என்பதற்கு ஒரு வழி உண்டு, போய்ச் சரிசெய்யலாம். 'நானே தப்பு' என்று உட்கார்ந்துகொண்டால் சரிசெய்ய எதுவும் இல்லை, ஒளிவதைத் தவிர. அம்மாவின் பிறந்தநாளை மறந்துவிட்டு, அவமானத்தில் நான்கு நாள் போனை எடுக்காமல் இருந்தவன் நான். ஒரே ஒரு போன் போதுமாக இருந்தது.

கோபத்தையும் ஆற்றாமையையும் பிரித்துப் பாருங்கள். கோபத்துக்கு எதிரே ஓர் ஆள் இருப்பார், பேசலாம். ஆற்றாமைக்கு எதிரே ஆளே இல்லை, அல்லது கை எட்டாத இடத்தில் இருக்கிறார். சில்க் போர்டில் ஹாரன் அடிப்பவர்கள் கோபத்தில் அடிப்பதாக நினைக்கிறோம், முக்கால்வாசி பேர் ஆற்றாமையில்தான் அடிக்கிறார்கள். அது ஆற்றாமை என்று தெரிந்துவிட்டால் முன்னால் நிற்கும் ஆட்டோக்காரரைத் திட்டத் தோன்றாது, அவரும் நம்மைப் போலத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். பொறாமைக்கும் இதே கதை. அதைத் தோண்டினால் பெரும்பாலும் அடியில் ஓர் ஏக்கம் கிடக்கும். ப்ரமோஷன் வாங்கியவனின் பதவி மேல் எனக்கு ஆசையே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அவன் வேலையை எல்லோர் முன்னாலும் ஒருவர் பாராட்டினார், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இதெல்லாம் கொஞ்சம் ஆறின பிறகு. கொதிக்கிற நேரத்தில் சொல் தேட முடியாது. அப்போது உடம்பை மட்டும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்தால் ஆறோ எட்டோ எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும், அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம், மந்திரம் ஒன்றுமில்லை. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். கொதிக்க வைத்த மெயிலுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆனால் 'டு' கட்டத்தில் யார் பெயரையும் போடாமல் எழுதுங்கள். இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

தலையணையைக் குத்து, கத்தித் தீர்த்துவிடு என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு முதலில் கோபம் மூட்டினார்கள், அவர்கள் எழுதிய கட்டுரையைக் கண்டபடி மட்டம்தட்டி. அப்புறம் ஒரு பகுதியினரை, திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தச் சொன்னார்கள். கோபம் அதிகமாக மிஞ்சியது அவர்களுக்குத்தான். எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். நடக்கப் போங்கள், தாராளமாக. ஆனால் அந்த ஆளை மனதில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, அப்படியானால் அடக்கிவிடலாமா? அதுவும் ஆகாது. எங்கள் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால், 1991இலிருந்து பதினெட்டு வருடம் மூடியே கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது. மூடி வைத்ததால் எந்தச் சிக்கலும் காணாமல் போகவில்லை, ஒருநாள் உட்கார்ந்து பேசித்தான் தீர்ந்தது. மனதுக்குள்ளும் அப்படித்தான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியை அடி என்று ஆட்களை உட்கார வைத்தார். மணி நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றதும் ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்கிற நம் ஊர்க் கதை நினைவுக்கு வருகிறதா? அதேதான்.

விரட்டுவதற்குப் பதிலாக நேரம் ஒதுக்குங்கள். கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி நேரம். தாமஸ் போர்கோவெக் குழு 1983லேயே இதைச் சோதித்துப் பார்த்தது. பகலில் கவலை வந்தால் போனில் ஒரு வரி குறித்துக்கொண்டு 'ஏழு மணிக்கு வா' என்று அனுப்பிவிட வேண்டும். கேலியாகத் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆபீஸ் வண்டியில் வரும் நேரத்தை இதற்கென்று வைத்துக்கொண்டேன். ஏழு மணிக்குப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் செத்துப் போயிருக்கும், 'க்ளையன்ட் ஏன் ஓகே என்று மட்டும் போட்டான்' மாதிரியானவை. மிச்சம் இருப்பதில் நாளை என்ன செய்ய முடியும் என்று ஒரு வரி எழுதுவேன். படுக்கையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

சில நாள் ஒரே விஷயம் ரெக்கார்டு மாதிரி சுற்றும். 'ஏன் எனக்கே இப்படி?' என்ற கேள்விக்கு விடை கிடையாது, அதனால்தான் அது நிற்பதும் இல்லை. அப்போது உங்களை நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். ஈதன் கிராஸ் குழு 2014இல் இதை ஆராய்ந்தது, மேடையில் பேசப்போகும் பதற்றத்தில் 'நான்' என்று யோசித்தவர்களைவிடத் தன் பெயரைச் சொல்லி யோசித்தவர்கள் நன்றாகச் சமாளித்தார்கள். நமக்கு இது இன்னும் சுலபம், 'டேய்' இருக்கிறது. 'டேய் கண்ணு, இப்ப என்ன ஆச்சு? அடுத்து என்ன செய்யப்போற?' என்று அம்மா குரலில் கேட்டுக்கொள்வேன். வாய்விட்டு வேண்டாம், லிப்டில் பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.

வெறுமைக்கும் சலிப்புக்கும் மருந்து வேறு. அங்கே யோசனை உதவாது, கையைக் காலை அசைக்க வேண்டும். 'மூடு வந்ததும் செய்யலாம்' என்று காத்திருப்பதுதான் பொறி, ஏனென்றால் மூடு பெரும்பாலும் வேலைக்குப் பின்னால்தான் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள், பீட்டர் லூவின்சன் போன்றவர்கள் 1970களில் தொடங்கி வைத்தது. நோயாளி தனக்குப் பிடித்ததையும் பயனுள்ளதையும் சிறு துண்டுகளாக்கி, மணி குறித்து, மனம் இருக்கிறதோ இல்லையோ செய்வார். சிறு துண்டு என்றால் உண்மையிலேயே சிறிது. வீட்டைச் சுத்தம் செய்வது பெரிது. சிங்க்கில் இருக்கும் மூன்று டம்ளரைக் கழுவுவது சிறிது. ஏரியைச் சுற்றி வருவது பெரிது, ஷூவைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்கடையில் அரை லிட்டர் நந்தினி பால் வாங்கி வருவது சிறிது. கரண்ட் பில் கட்டுவதுகூட ஆகும், நான் ஒருமுறை அதில்தான் மீண்டேன்.

சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டீர்களானால் எனக்கு அதிகம் சொல்ல இல்லை, அதைத் துரத்தாதீர்கள் என்பதைத் தவிர. ஐரிஸ் மாஸ் குழு 2011இல் சிலருக்கு மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்துவிட்டு ஒரு மகிழ்ச்சியான படத்துண்டைக் காட்டியது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சந்தோஷப்பட்டார்கள். சம்பள ஹைக் வந்தால், ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கினால் என்று தள்ளிப்போடுவதற்கும் 1978இல் ஒரு பதில் வந்துவிட்டது. பிலிப் பிரிக்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் லாட்டரியில் பெரும் பணம் வென்ற 22 பேரைப் பேட்டி எடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியாக இல்லை, சாதாரண அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பமும் குறைவு. (அதே ஆய்வில் விபத்தில் உடல் செயலிழந்தவர்களும் பழையபடி மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று மேடைப் பேச்சாளர்கள் அடித்துவிடுவார்கள். அப்படி இல்லை, அவர்கள் தங்கள் மகிழ்ச்சியை மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள்.)

இதுவரை சொன்னது அன்றாடக் கலக்கத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கவிழ்ந்தே கிடந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் தாறுமாறானால், மூச்சுப் பயிற்சியை நம்பி உட்காராதீர்கள். சாதாரண டாக்டரிடம் போய்த் தைராய்டைப் பரிசோதித்துக்கொள்வதும் நல்லது, அதன் குறைபாடு அச்சு அசல் மனச்சோர்வு போலவே வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் என்ற கணக்கே கிடையாது, அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது, ஒன்றிய அரசின் இலவச சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கன்னடமோ இந்தியோ தடுமாறிப் பேச வேண்டாம் என்பதே பெரிய ஆறுதல், அழுகை வரும்போது யாருக்கும் இரண்டாம் மொழி வராது.

அதன் தலைமை மையம் நம் ஓசூர் ரோடு மனநல மருத்துவமனை நிமான்ஸ்தான். சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கத்தை வைத்துக் கிண்டல் செய்வது போல இங்கே நிமான்ஸை வைத்துச் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். பிறகு ஒரு நண்பனோடு அங்கே வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்தேன். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறி வந்தவர்கள், கூடையில் தயிர்சாதத்தோடு, எந்த ஆஸ்பத்திரி வரிசையையும் போலவே இருந்தது. அன்றோடு அந்தக் கிண்டலை விட்டேன்.

கடைசியாக ஒன்று: கண்டுபிடித்த சொல்லை வீட்டில் இருப்பவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். 'எனக்கு ஒன்னும் இல்லை' என்றால் தன்மேல்தான் கோபம் என்று அவர் எடுத்துக்கொள்வார். 'உன்மேல இல்ல, ஆபீஸ் எரிச்சல், பத்து நிமிஷம் கொடு' என்றால் தட்டைத் தொம்மென்று வைக்கும் சத்தமாவது குறையும்.

நேற்று ஒன்பதரைக்கு அம்மா வழக்கம்போலக் கேட்டார். "ஆதங்கம்மா" என்றேன்.

"அப்படியா, யார் மேல?" என்றார். முக்கால் மணி நேரம் பேசினோம், தோசைதான் ஆறிப்போனது.