ஜப்பான்ல ஆளில்லாத ஸ்ரேசனில ஏறி இறங்கிறது எப்பிடி

லீவில மாங்குளம் வந்து நிக்கிறன். ஊர்ப் பெடியள் மூண்டு பேர் அடுத்த மாசம் ஜப்பானுக்கு வேலைக்கு வெளிக்கிடினம், மூண்டு பேரும் டோக்கியோ ரெயினைப் பற்றித்தான் கேக்கினம். டோக்கியோவில ஒரு பயமும் இல்லை, இங்கிலீசில போர்ட் இருக்கும், கேக்க ஆளும் இருக்கும். ஆனா உங்களைப் போடப்போறது நாட்டுப்புறத்தில தம்பியவை. அங்க ஸ்ரேசன் மாஸ்டரும் இல்லை, ரிக்கெற் குடுக்கிற ஆளும் இல்லை. முஜின் எகி எண்டு சொல்லுவினம், ஆளில்லாத ஸ்ரேசன் எண்டுதான் அர்த்தம்.

எனக்கு ஆளில்லாத ஸ்ரேசன் எண்டா சின்னனில பாத்த ஸ்ரேசன்தான், கூரை இல்லாம உள்ளுக்க மரம் முளைச்சு நிண்டது. சண்டையால 1990ல நிண்ட ரெயின் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டம்பரிலதானே, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எப்பவோ பங்கருக்குப் போட்டுது. அதால ஜப்பானில முதல்நாள் இறங்கினோன்ன பூட்டின ஸ்ரேசனில விட்டிட்டாங்களோ எண்டுதான் நினைச்சன். பிறகு பாத்தா கூட்டித் துடைச்சு, வாங்கில குஷன் எல்லாம் போட்டு வைச்சிருக்கு, ஒரு மனுசரையும் காணேல்லை.

சரி விசயத்துக்கு வாறன். இறங்கின உடன முதல் வேலை திரும்பிப் போற ரெயின் எத்தினைக்கு எண்டு பாக்கிறது. சுவரில ஒரு அட்டவணை இருக்கும், இடப்பக்கம் மணித்தியாலம், அதுக்கு நேர நிமிசம். 7க்கு நேர ரெண்டு இலக்கம் கிடக்கும், 11, 12, 13க்கு நேர ஒண்டும் இராது, வெறுமையா இருந்தா அந்த மணித்தியாலம் ரெயினே இல்லை. போனில படம் எடுத்து வைச்சிருங்கோ. ஒரே பிளாட்போமில ரெண்டு திசை ரெயினும் வந்து நிக்கிற ஸ்ரேசனும் கனக்க இருக்கு, அதால வாறதில ஏறுவம் எண்டு ஏறாம எந்தப் பக்கம் போறதெண்டு பாத்து ஏறுங்கோ.

ஏறேக்க கவனம். ஒரு பெட்டியோ ரெண்டு பெட்டியோதான் வரும், டிரைவர் மட்டும்தான், வேற ஆள் இல்லை. இப்பிடியான ஸ்ரேசனில அனேகமா முதல் பெட்டிக் கதவு மட்டும்தான் திறக்கும், பின்கதவால ஏறி முன்கதவால, டிரைவருக்குப் பக்கத்தால இறங்கிறது. கதவும் தானாத் திறக்காது, பக்கத்தில இருக்கிற பட்டனை அமத்தவேணும். நான் கதவு திறக்கும் திறக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிக்க ரெயின் வெளிக்கிட்டிட்டுது, அடுத்தது ரெண்டரை மணித்தியாலத்தால. குளிர்காலத்தில ஏறினோன்ன உள்ளுக்க இருக்கிற பட்டனை அமத்திக் கதவைப் பூட்டுங்கோ, இல்லாட்டி கிழவியள் பாக்கிற பார்வையிலயே விறைச்சுப் போவியள்.

ஏறின இடத்தில கதவுக்குப் பக்கத்தில ஒரு சின்ன மெசினில துண்டு ஒண்டு நீட்டிக்கொண்டு நிக்கும். செய்ரிகென் எண்டு பேர், அதில ஒரு இலக்கம் இருக்கும். எதை மறந்தாலும் இதை எடுக்க மறக்காதேங்கோ! நீங்கள் எங்க ஏறினீங்கள் எண்டதுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான், அது இல்லாட்டி ரெயின் வெளிக்கிட்ட முதல் ஸ்ரேசனில இருந்து கணக்குப் பாத்துக் காசு கேக்கலாம். டிரைவருக்கு மேல ஒரு போர்ட்டில இலக்கமும் அதுக்குக் கீழ காசும் போட்டிருக்கும், தூரம் போகப் போகக் காசு கூடிக்கொண்டு வரும். இறங்கேக்க உங்கட இலக்கத்துக்குக் கீழ என்ன நிக்குதோ அதுதான் காசு, துண்டையும் காசையும் டிரைவருக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டிக்க போடுறது. ஆள் இருக்கிற பெரிய ஸ்ரேசனில இறங்கினா எல்லாக் கதவும் திறக்கும், அப்ப துண்டைக் கொண்டுபோய் கேற்றில குடுத்துக் காசு கட்டலாம்.

இதில எங்கட ஆக்கள் பிடிபடுற இடம் சில்லறை. அந்தப் பெட்டி மிச்சம் தராது. எங்கட பஸ் கொண்டக்டர் மாதிரி பிறகு தாறன் எண்டு சொல்லவும் மாட்டுது. சரியான காசைத்தான் போடவேணும், சில்லறை இல்லாட்டி அதே பெட்டியில காசு மாத்திற ஓட்டை வேறயா இருக்கு, 1,000 யென் தாளும் 500 குத்தியும் மாத்தலாம். மாத்துறது வேற, கட்டுறது வேற. ரெயின் நிக்கேக்க போய் மாத்தி வைச்சிட்டு வந்து இருங்கோ. 10,000 தாளை அது எடுக்காது. நான் அதோட போய் முழிச்சுக்கொண்டு நிக்க, பின்னால நிண்ட ஒரு அம்மா பேசாம ஆயிரம் யென் தாள் பத்தை எண்ணித் தந்தா.

டவுணில காசு போட்டு வைக்கிற ரெயின் கார்ட்டைத் தட்டி ஏறிப்போட்டு இப்பிடியான இடத்தில இறங்கிறதும் தலையிடிதான், கன லைனில கார்ட்டே எடுபடாது. காசைக் கட்டிப்போட்டு, கட்டினதுக்கு டிரைவரிட்டத் துண்டு வாங்கி, ஆள் இருக்கிற ஸ்ரேசனில கார்ட்டைச் சரியாக்கவேணும். கிராமத்துக்குப் போறதெண்டா முதலே ரிக்கெற் எடுத்துப் போங்கோ.

லீவுநாளில சுத்திப் பாக்கிறதெண்டா எஹிமேயில ஷிமொநதா, கடலைப் பாத்தபடி ஒரே ஒரு பிளாட்போம், பின்னேரம் போங்கோ. குன்மாவில தோஆய், அதில ஒரு பக்க ரெயின் மலைக்குள்ள சுரங்கத்தில நிக்கும், வெளியில வர 486 படி. அந்தப் பக்கம் ரெயின் பிடிக்கிறதெண்டா படி இறங்கவே பத்து நிமிசம் ஒதுக்கவேணும். ஹொக்கைடோவில கொபொரோ எண்டு ஒண்டு இருக்கு, ரெண்டு சுரங்கத்துக்கு இடையில, ரோட்டே இல்லை, ரெயினை விட்டா காடுதான், அங்க கரடி நிக்கும், கடையும் இல்லை. தண்ணியும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கோ. நான் முறிகண்டிக் கச்சான்தான் கொண்டு போனனான், கோதைத் திரும்ப பாக்கில போட்டுக்கொண்டு வந்தன், அங்க குப்பைத் தொட்டியும் இல்லை.