சிகரெட் பாக்கெட் படத்தை பாத்தும் விட முடியலையா? எனக்கு ஒர்க் ஆன வழி

14 வருஷம் தம் அடிச்சேன், விட்டு ஆறு வருஷம் முடிஞ்சிருச்சு. போன மாசம் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தப்ப மொட்டை மாடில வச்சு கேட்டான், "அண்ணே, பாக்கெட்ல அந்த புண்ணு படத்தை பாக்கும்போதெல்லாம் பயமாத்தான் இருக்கு, ஆனா கை தன்னால போகுது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், விடணும்னு நெனச்சு நெனச்சு தோத்துக்கிட்டு இருக்குற யாருக்காவது உதவும்னா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அவனுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். நம்ம நாட்டுல 1975 சட்டத்துலேர்ந்தே பாக்கெட்ல "உடல்நலத்துக்கு தீங்கு"ன்னு ஒரு வரி இருந்துச்சு, 2009 மே 31லேர்ந்து படம் வந்துச்சு, அப்ப முன்பக்கத்துல 40 சதவீதம் தான், 2016 ஏப்ரல்லேர்ந்து ரெண்டு பக்கமும் 85 சதவீதம் ஆச்சு. 2012லேர்ந்து சினிமாவுலயும் புகைக்கு எதிரான எச்சரிக்கை விளம்பரம், அந்த வசனத்தை மனப்பாடமா சொல்ற பசங்களே இன்டர்வெல்ல வெளிய போய் பத்த வைக்கிறதை எல்லா தியேட்டர் வாசல்லயும் பாக்கலாம். படம் வேலை செய்யலன்னு சொல்ல மாட்டேன், 2016-17ல அரசாங்கம் எடுத்த பெரிய சர்வேல சிகரெட் பிடிக்கிறவங்கள்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 62 பேர் அந்த எச்சரிக்கையை பாத்து விடணும்னு யோசிச்சதா சொன்னாங்க, அது சாதாரண விஷயம் இல்ல. ஆனா யோசிக்கிறதுக்கும் விடுறதுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதை தாண்ட வைக்கிறது பயம் இல்ல, வழி. பயத்தை மட்டும் குடுத்து வழி குடுக்கலன்னா மனுசன் கண்ணை திருப்பிக்குவான். நான் அதைத்தான் செஞ்சேன், படம் தெரியக்கூடாதுன்னு சிகரெட்டை எல்லாம் ஒரு தகர டப்பாக்கு மாத்தி வச்சுக்கிட்டேன்.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல பாதி பேர் அந்த படத்தை பாக்குறதே இல்ல. பெட்டிக்கடைல போய் நிப்போம், "அண்ணாச்சி, ஒரு கிங்ஸ்"னு சொல்றதுக்குள்ள மூடி கிழிச்ச பாக்கெட்லேர்ந்து ஒண்ணு உருவி கைல குடுத்துருவாரு, பக்கத்துல தொங்குற கயித்து நுனில கங்கு இருக்கும், இல்லன்னா நூல்ல கட்டுன லைட்டர், பத்த வச்சுட்டு டீ கிளாஸோட ஒதுங்கிருவோம். மொத்தம் அரை நிமிஷம். 85 சதவீதம் படம் கடைக்காரர் கல்லாகிட்டயே நின்னுரும், நம்ம கைக்கு வர்ற வெள்ளை குச்சில எந்த எச்சரிக்கையும் கெடையாது (கனடால 2023ல வந்த விதிப்படி ஒவ்வொரு சிகரெட் மேலயும் எச்சரிக்கை எழுதுறாங்க, நமக்கும் அது வரணும்னு மனசார ஆசைப்படுறேன்).

அதனால நான் சொல்ற மொத வேலை கொஞ்சம் தலைகீழா தெரியும். லூஸ்ல வாங்குறதை நிறுத்திட்டு ஒரே ஒரு பாக்கெட் வாங்குங்க, 10 இருக்குறது போதும், ஒரு பேனாவும் வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணு எடுக்கும்போதும் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி நேரத்தையும் காரணத்தையும் ஒரு துண்டு சீட்டுல எழுதி அந்த பாக்கெட்லயே சொருகுங்க. "6.50 பாத்ரூம் போக", "9.15 பஸ் ஸ்டாப்", "11 டீ", "11.20 மேனேஜர் கத்துனாரு" அப்படி. நிறைய அடிக்கிறதுக்கு இல்ல இது, கணக்கு தெரியிறதுக்கு. நான் எழுதுனப்ப பத்துல மூணு தான் உண்மையிலேயே ஏங்கி அடிச்சது, மீதி எல்லாம் டீ வந்துச்சு, ஃப்ரெண்டு நீட்டுனான், சாப்பிட்டு முடிச்சேன் அவ்ளோதான். பாக்கெட் காலியானதும் தூக்கி போடாதீங்க, படத்தோட சேத்து ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, 1800-11-2356, அதை அப்பவே போன்ல சேவ் பண்ணுங்க. 2018 செப்டம்பர்லேர்ந்து அச்சடிக்கிறாங்க, இலவசம், தமிழ்லயும் பேசுறாங்க. படம் எதுக்கு விடணும்னு சொல்லுது, அந்த நம்பர் தான் எப்படின்னு சொல்லுது, நாம எல்லாம் படத்தோட நின்னுட்டோம்.

இப்ப ஏன் கை தன்னால போகுதுன்னு பாப்போம், இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒரு இழுப்பு இழுத்தா 10லேர்ந்து 20 செகண்டுக்குள்ள நிக்கோடின் (புகையிலைல இருக்குற, நம்மள அடிமையாக்குற பொருள்) மூளைக்கு போயிரும், அவ்ளோ சீக்கிரமா கெடைக்கிற சுகத்தை மூளை மறக்கவே மறக்காது. ஆனா சுமார் ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல இருக்குற நிக்கோடின் பாதியா கொறைஞ்சிரும், கொறையும்போது எரிச்சல், கவனமின்மை, ஒரு மாதிரி பதட்டம் வரும். அடுத்ததை பத்த வச்சதும் அது அடங்கும், உடனே நாம "டென்ஷனை கொறைச்சிருச்சு"ன்னு நெனைக்கிறோம். அது கொறைச்ச டென்ஷன்ல பெரும்பகுதி போன சிகரெட் உண்டாக்குனது தாங்க. இதை ஒரு நாள் உக்காந்து யோசிச்சப்ப தான் எனக்கு கோவமே வந்துச்சு, என் பதட்டத்துக்கு மருந்துன்னு நெனச்சு பதட்டத்தையே காசு குடுத்து வாங்கியிருக்கேன்.

சரி, எப்படி விடுறது. ஒரு தேதி வைங்க, ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கட்டும், பொங்கலுக்கு அப்புறம் கல்யாணத்துக்கு அப்புறம்னு தள்ளாதீங்க. வீட்ல சொல்லுங்க, கூட தம் அடிக்கிற அந்த ரெண்டு பேர்கிட்டயும் கண்டிப்பா சொல்லுங்க, "மச்சான் ஒரு மாசத்துக்கு எனக்கு நீட்டாதடா"ன்னு நேராவே கேளுங்க. கொறைச்சு கொறைச்சு விடுறேன்னு ஒரு நாளைக்கு ஒண்ணுல நிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 2018ல வந்த ஒரு ஆராய்ச்சில ஒரு நாளைக்கு ஒண்ணு அடிச்சாலே இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து 20 அடிக்கிறவரோடதுல பாதிக்கு கிட்ட வருதுன்னு பாத்தாங்க, அதனால ஒண்ணு தானேன்னு அங்கயே நின்னுராதீங்க. பீடிக்கு மாறுறதும் வேணாம், அதுல நிக்கோடினும் தாரும் இன்னும் அதிகமா தான் உள்ள போகுது.

சிகரெட் இல்லாமலே கொஞ்சம் நிக்கோடின் குடுத்து ஏக்கத்தை அடக்குற நிக்கோடின் சூயிங்கம் பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா நிறைய பேர் "அதெல்லாம் ட்ரை பண்ணேன் ப்ரோ, விக்கல் தான் வந்துச்சு"ன்னு சொல்றாங்க, காரணம் அதை பபிள்கம் மாதிரி மென்னு தள்ளுறது தான். மெதுவா மெல்லுங்க, நாக்குல மிளகு கடிச்ச மாதிரி ஒரு சுர்ருன்னு வரும், அப்ப மெல்றதை நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க, சுர்ருங்கிறது போனதும் மறுபடி ரெண்டு மூணு கடி, மறுபடி ஒதுக்கு, இப்படி அரை மணி நேரம். எச்சிலை கடகடன்னு முழுங்குனா தான் விக்கலும் வயித்தெரிச்சலும். போடுறதுக்கு கால் மணி நேரம் முன்னாடிலேர்ந்து டீ, காபி, ஜூஸ் வேணாம், வாய் புளிச்சிருந்தா நிக்கோடின் சரியா ஏறாது. காலைல எந்திரிச்சு அரை மணி நேரத்துக்குள்ள மொத தம் அடிக்கிற ஆளுன்னா உங்களுக்கு பிடிப்பு அதிகம்னு அர்த்தம், 2 மி.கி. பத்தாம போகலாம், 4 மி.கி. வேணுமான்னு டாக்டரை கேளுங்க. மொத ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, அப்புறம் கொறைச்சுக்கிட்டே வந்து மூணு மாசத்துல நிறுத்தணும். இதய கோளாறு இருக்குறவங்க, கர்ப்பமா இருக்குறவங்க டாக்டரை கேக்காம எதுவும் போடாதீங்க. வேரெனிக்ளின், புப்ரோப்பியான்னு மாத்திரையும் இருக்கு, அது டாக்டர் பாத்து எழுதிக் குடுக்குறது. எலக்ட்ரானிக் சிகரெட் 2019லேர்ந்து இங்க தடை, அந்த பக்கமே போக வேணாம்.

மொத மூணு நாள் தான் உச்சம், அதை வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சு வீட்டோட இருக்குற மாதிரி பாத்துக்கிட்டா நல்லது. ஏக்கம் அலை மாதிரி வரும், பெரும்பாலும் அஞ்சு பத்து நிமிஷத்துல எறங்கிரும், அந்த நேரம் கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை குடுங்க, நான் ஏலக்காயும் வறுத்த சோம்பும் ஒரு சின்ன டப்பால வச்சிருந்தேன், அதே பழைய தகர டப்பா தான். மலச்சிக்கல் வரும், தம் அடிச்சாதான் போகும்னு பழகுன குடல், ரெண்டு மூணு வாரம் முரண்டு பிடிக்கும், காலைல வெந்நீர், கொய்யா, கீரைன்னு சமாளிங்க, இதுக்காகவே திரும்ப அடிச்சவங்களை எனக்கு தெரியும். இருமல் கூட கொஞ்ச நாள் அதிகமாகலாம், நுரையீரல் தன்னை சுத்தம் பண்ண ஆரம்பிக்குது, ஆனா ரத்தம் வந்தாலோ மூணு நாலு வாரத்துக்கு மேல போனாலோ டாக்டரை பாருங்க. காபி விஷயம் யாரும் சொல்றதில்ல, சிகரெட் புகை உடம்புல காஃபினை சீக்கிரமா கரைக்கும், விட்டதும் அதே நாலு டீ ரெட்டிப்பு வேலை காட்டும், தூக்கம் வராம படபடன்னு இருக்கும், நாம அதை சிகரெட் இல்லாத கஷ்டம்னு நெனச்சுருவோம். டீயை பாதியாக்குங்க, கடையையும் மாத்துங்க. நான் ரெண்டு மாசம் ஆபீஸ் பின்னாடி கடைக்கே போகல, எதிர்ல இருந்த ஜூஸ் கடைக்கு போனேன், பழைய கூட்டத்துல சிலர் மொகம் சுளிச்சாங்க, பரவால்லன்னு விட்டுட்டேன்.

நடுவுல ஒண்ணு அடிச்சுட்டா எல்லாம் போச்சுன்னு ஒரு பாக்கெட் வாங்கிராதீங்க. எனக்கு நாலாவது தடவைல தான் நின்னுச்சு, மூணாவது தடவை ஒரு சாவு வீட்ல வழுக்குனேன், அதுக்கப்புறம் எந்த எழவுக்கு போனாலும் சட்டைப் பைல கம் இருக்கும். எந்த எடத்துல வழுக்குனீங்களோ அதை அந்த துண்டு சீட்டுலயே எழுதுங்க, அடுத்த நாளே மறுபடி ஆரம்பிங்க.

தம்பி நேத்து அவனோட சீட்டை போட்டோ எடுத்து அனுப்புனான். ஏழு வரி, மொத வரி "6.10 எந்திரிச்சதும்". 4 மி.கி. பத்தி கேக்கணும்னு சொல்லியிருக்கேன், சனிக்கிழமை டாக்டர்கிட்ட அவன் கூட நானும் போறேன்.