பிஸ்டலின் உதையைக் குறைக்கும் பாகங்கள்: வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பிஸ்டல் சுடப் பழகுகிறவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது: "டங்ஸ்டன் கைடு ராட் போட்டால் உதை குறையுமாமே, வாங்கலாமா?" கைடு ராட் என்பது துப்பாக்கியின் ஸ்பிரிங்குக்குள் இருக்கும் கம்பி, அதைக் கனமான டங்ஸ்டன் உலோகத்தில் செய்து விற்கிறார்கள். நானும் பழகத் தொடங்கியபோது ஒன்றை வாங்கிப் போட்டேன். இலக்குத் தாளில் ஓட்டைகள் அதற்கு முன் எங்கே விழுந்தனவோ, அதே இடது கீழ்ப்பக்கத்திலேயே விழுந்தன. கோளாறு துப்பாக்கியில் இல்லை என்று புரிய எனக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின.

இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையைச் செய்கின்றன. அந்த வேலை உங்களுக்கு இப்போது தேவையா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். சட்டப்படி அனுமதி பெற்ற ரேஞ்சில், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணிந்து, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். 9 மி.மீ. பிஸ்டலை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

படி 1: உதை எப்போது வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. பிடிக்கும் கை குழலுக்குக் கீழே இருப்பதால், அந்தத் தள்ளல் துப்பாக்கியின் வாயை மேலே தூக்கவும் செய்கிறது. ஆக, கையில் விழும் தள்ளல் ஒன்று, வாய் எகிறுவது இன்னொன்று. கடைக்காரர்கள் இரண்டையும் சேர்த்து "உதை" என்றே சொல்வார்கள். நீங்கள் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

இதில் முக்கியமானது நேரம். விசை (டிரிகர்) தட்டி மருந்து பற்றிய பிறகு, குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதற்குள் ஸ்லைடு (சுடும்போது பின்னே போய் முன்னே வரும் மேல்பாகம்) சில மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். நாம் உணரும் உதையில் பெரும்பகுதி குண்டு போன பிறகு வருவது. அதனால், நிதானமாக ஒவ்வொன்றாகச் சுடும்போது ஓட்டை தள்ளி விழுந்தால், உதையைக் குறைக்கும் பாகம் அதைச் சரிசெய்யாது. அடுத்த தோட்டாவுக்கு எவ்வளவு சீக்கிரம் குறி திரும்பி வருகிறது என்பதில்தான் அந்தப் பாகங்களால் ஏதாவது செய்ய முடியும்.

படி 2: டம்மி தோட்டா சோதனை

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத இரண்டு மூன்று டம்மி தோட்டாக்களை நண்பர் ஒருவரைக் கலந்து போடச் சொல்லுங்கள். வழக்கம்போல் சுடுங்கள். டம்மி வரும்போது சத்தமும் வராது, உதையும் வராது. அந்த நொடியில் துப்பாக்கியின் வாய் அசையாமல் நிற்கிறதா, சட்டென்று கீழே குத்துகிறதா என்று பாருங்கள்.

குத்தினால், வரப்போகும் உதைக்குக் கை முன்கூட்டியே பயப்படுகிறது என்று பொருள். வலது கைக்காரர்களுக்கு ஓட்டைகள் இடது கீழ்ப்பக்கம் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இது பழக்கத்தால் வந்தது, பழக்கத்தால்தான் போகும். வெற்றுத் துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகுவதும், ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் இந்த டம்மி சோதனையை 10 நிமிடம் செய்வதும் போதும். இதே குறி, இதே விசையோடு, சிறு தோட்டா சுடும் .22 துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. குத்துவது நின்ற பிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: பிடியைச் சரிசெய்யுங்கள்

சுடும் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவு, பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே இருக்கட்டும். ஸ்லைடு போய்வரும் பாதையில் மட்டும் தோல் படக் கூடாது. குழலுக்கும் கைக்கும் இடைவெளி குறையக் குறைய வாய் எகிறுவதும் குறையும். துணைக் கையின் உள்ளங்கை, பிடியில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். இறுக்கத்தைத் துணைக் கையில் அதிகம் வையுங்கள், விசை இழுக்கும் கை சற்றுத் தளர்வாக இருக்கட்டும். மணிக்கட்டு தளரக் கூடாது.

இதற்கு உதவும் ஒரே பாகம் சொரசொரப்பான கிரிப் டேப். எல்லாவற்றிலும் மலிவானது, சுடும்போது கை வழுக்காமல் காக்கிறது. ஒரு புதியவர் யோசிக்காமல் வாங்கலாம் என்று நான் சொல்லும் பொருள் அது ஒன்றுதான்.

படி 4: தோட்டாவை மாற்றிப் பாருங்கள்

115 கிரெயின் குண்டு, அதாவது ஏறக்குறைய 7.5 கிராம், நொடிக்கு 1150 அடி வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 147 கிரெயின் குண்டு, ஏறக்குறைய 9.5 கிராம், 900 அடி வேகத்தில் போகிறது. கிரெயின் எடையை அடி வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் இரண்டுக்குமே 132 வரும். போட்டிகளில் பவர் ஃபேக்டர் என்பது இந்த எண்தான். ஐபிஎஸ்சி (நடைமுறைத் துப்பாக்கி சுடுதலுக்கான சர்வதேச அமைப்பு) போட்டிகளில் மைனர் எனும் குறைந்த சக்தி வகைக்கு இது குறைந்தது 125 இருக்க வேண்டும்.

எண் ஒன்றானாலும் கைக்குத் தெரிவது வேறு. கனமான குண்டுக்கு மருந்து குறைவாகப் போதும், அதனால் வாயுவால் வரும் தள்ளலும் குறைவு. வெடுக்கென்று அடிக்காமல், மெதுவாகத் தள்ளுவதுபோல் இருப்பதாகப் பலர் உணர்கிறார்கள். ஒரு பெட்டி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு பெட்டியோடு முடிந்தது.

படி 5: அளந்து வையுங்கள்

"குறைந்த மாதிரி இருக்கிறது" என்ற உணர்வை நம்ப வேண்டாம். காசு கொடுத்து வாங்கியது வேலை செய்வதாகத்தான் மனம் சொல்லும். 7 மீட்டரில் 5 தோட்டாக்கள் கொண்ட தொடர் ஒன்றைச் சுடுங்கள், ஷாட் டைமரில் (சுடும் சத்தத்தைக் கேட்டு நேரம் குறிக்கும் கருவி) ஒவ்வொரு சுடுதலுக்கும் இடையேயான நேரத்தைக் குறியுங்கள். இப்படி 5 தொடர்கள். கூடவே போனில் ஒரு நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிரேம் என்பது ஏறக்குறைய 4 மில்லி நொடி. வாய் எகிறித் திரும்பி நிலைக்க எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

படி 6: இப்போது பாகங்கள்

எடை கூட்டுவது நிச்சயமாக வேலை செய்யும், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். குளோக் 17, காலி மேகசினோடு சுமார் 700 கிராம். டங்ஸ்டன் கைடு ராடால் 50 கிராம் கூடினால், துப்பாக்கி பின்னே வரும் வேகம் 7 சதவீதம்போலக் குறையும். அவ்வளவுதான். சிஇசட் ஷேடோ 2 சுமார் 1330 கிராம். இரண்டிலும் ஒரே தோட்டாவைச் சுட்டால், கைக்கு வரும் உதையின் ஆற்றல் ஷேடோ 2-இல் ஏறத்தாழ பாதிதான். மென்மையான உதைதான் முக்கியம் என்றால், இலேசான துப்பாக்கியில் பாகம் பாகமாகச் சேர்ப்பதைவிடக் கனமான துப்பாக்கியை எடுப்பதே சரி என்பது என் கருத்து.

ஸ்லைடை முன்னே தள்ளும் ஸ்பிரிங், உதைத் தள்ளலின் அளவைக் குறைக்காது, அதைக் கைக்குக் கொடுக்கும் விதத்தைத்தான் மாற்றும். கடினமான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு வேகமாக முன்னே வந்து அடித்து வாயைக் கீழே குனியவைக்கும். மென்மையானதைப் போட்டால் அந்தக் குனிவு குறையும், ஆனால் ஸ்லைடு பின்னே போய்த் துப்பாக்கியின் உடலில் பலமாக மோதும். இரண்டு மூன்று ஸ்பிரிங் அடுக்கிய பஃபர் வகைகளும் இதே கதைதான்.

குழலின் வாயில் மாட்டும் காம்பன்சேட்டர் வாயுவை மேல்நோக்கித் திருப்பி வாயைக் கீழே அழுத்துகிறது. வாய் எகிறுவதைக் குறைப்பதில் இதற்கு இணை இல்லை. ஆனால் அதற்கு வாயு வேண்டும். படி 4-இல் சொன்ன கனமான, மருந்து குறைந்த தோட்டாவோடு இதைச் சேர்த்தால் பலன் மங்கிவிடும், சில சமயம் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். சத்தமும் கூடும், பழைய உறையும் பொருந்தாமல் போகலாம். இரவலாகக் கிடைத்தால் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் போட்டி விதியையும் பாருங்கள். ஐஎஸ்எஸ்எஃப் (ஒலிம்பிக் வகைச் சுடுதலை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு) 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் காம்பன்சேட்டருக்கும் துளையிட்ட குழலுக்கும் இடமில்லை. ஐபிஎஸ்சியில் ஓபன் பிரிவில் உண்டு, புரொடக்‌ஷன் பிரிவில் இல்லை.

படி 7: மாட்டிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். துப்பாக்கியைக் கழற்றும் முன் மேகசினை எடுத்துவிட்டு, குழலில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அதன் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

மென்மையான ஸ்பிரிங் போட்டிருந்தால் இதைச் செய்யுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் மேல்நோக்கிப் பிடித்து, விசையை இழுத்தபடியே வைத்து, ஸ்லைடைப் பின்னே இழுத்து மெதுவாக முன்னே விடுங்கள். அது தானாக முழுதும் மூட வேண்டும். கடைசியில் நின்றுவிட்டால் அந்த ஸ்பிரிங் உங்கள் துப்பாக்கிக்குப் போதாது, கழற்றிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவில் 200 சுட்டுப் பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் பழைய பாகத்தையே போடுங்கள். சிக்காமல் ஓடினால் படி 5-இன் அளவை அப்படியே திரும்ப எடுத்து, நோட்டில் முன்பு எழுதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம், ஒரே நாளில் உங்கள் சொந்தத் தொடர்களுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிடக் குறைவாக இருந்தால், பெட்டியைத் தூக்கிப் போடும் முன்பே பாகத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள்.