கையால் நிறுவிய ஃபயர்பாக்ஸை ஏபிடி பொறுப்பில் விடுவது

எங்கள் வீட்டு மடிக்கணினிகள் எல்லாவற்றிலும் உபுண்டு லினக்ஸ்தான், பார்த்துக்கொள்வது நான். செயலியை இறக்கிக் கையால் நிறுவினால், அப்டேட் செய்வதும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். மற்றது போகட்டும், உலாவி மட்டும் பழசாகிக் கிடக்கக் கூடாது. வங்கிக் கணக்கே அதன் வழியாகத்தானே திறக்கிறது.

உபுண்டுவில் செயலிகளைப் பொதிகளாக நிறுவி அப்டேட் செய்யும் கருவிதான் ஏபிடி. அது பொதிகளை எடுக்கும் இணைய இடம் களஞ்சியம். கையால் நிறுவியவை எவை என்று பார்க்க, டெர்மினலில் ஏபிடி லிஸ்ட் கட்டளையை இன்ஸ்டால்டு தெரிவோடு ஓட்டுங்கள். ‘லோக்கல்’ என்று குறி விழுந்தவை எந்தக் களஞ்சியத்தோடும் தொடர்பில்லாதவை. டார் என்னும் தொகுப்புக் கோப்பைப் பிரித்து ஓபிடி கோப்புறையில் போட்டவை இந்தப் பட்டியலிலேயே வராது. அந்தக் கோப்புறையைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் தானாகவே அப்டேட் ஆகக்கூடியதுதான். ஆனால் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான கோப்புறையில் இருந்தால் சாதாரணப் பயனருக்கு எழுதும் உரிமை இல்லை, அப்படியே நின்றுவிடும்.

2024 ஜனவரியிலிருந்து மொசில்லாவே டெபியன், உபுண்டுவுக்கு ஃபயர்பாக்ஸ் களஞ்சியம் நடத்துகிறது. அவர்களுடைய உதவிப் பக்கத்தில் உள்ள கட்டளைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும்.

ஒன்று, சாவி. பொதிகள் உண்மையிலேயே அந்தக் களஞ்சியத்தினுடையவையா என்று ஏபிடி சோதிப்பது இதை வைத்துத்தான். அதன் கைரேகையை, அதாவது அடையாள எண்ணை, சரிபார்த்து, ஈடிசி கோப்புறைக்குள் ஏபிடியின் கீரிங்ஸில் வையுங்கள். களஞ்சிய வரியில் ‘சைன்டு-பை’ என்று அந்தச் சாவியைக் குறிப்பிடுங்கள். பொதுவான நம்பிக்கைக் கோப்புறையில் போட்டால் அந்தச் சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகும். அவ்வளவு அதிகாரத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, முன்னுரிமை. உபுண்டுவின் ஃபயர்பாக்ஸ் பொதி உண்மையில் ஸ்னாப் என்னும் வேறொரு பொதி வடிவத்துக்கு வழிகாட்டும் வெறும் கூடு. அதன் பதிப்பெண் பெரியது என்பதால் ஏபிடி அதையே பிடித்துக்கொள்ளும். ஏபிடியின் ப்ரிஃபரன்சஸ் கோப்பில் மொசில்லா களஞ்சியத்துக்கு முன்னுரிமை எண்ணாக 1000 கொடுத்தால் சரியாகிவிடும். ஏபிடி பாலிசி கட்டளையில் ‘கேன்டிடேட்’ (நிறுவப்போகும் பதிப்பு) வரியில் மொசில்லாவின் பதிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். தமிழ் இடைமுகத்துக்குத் தனி மொழிப் பொதியும் அங்கேயே இருக்கிறது.

திறந்ததும் புக்மார்க்குகள் காணவில்லையே என்று பதற வேண்டாம். 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல், அதாவது புக்மார்க்குகளும் அமைப்புகளும் இருக்கும் கோப்புறை. முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘ப்ரொஃபைல்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பழையது அங்கே இருக்கும், அதையே இயல்பான ப்ரொஃபைலாக (டீஃபால்ட்) அமையுங்கள்.

அப்புறம் ஓபிடியில் உள்ள பழைய பிரதியை நீக்குங்கள். ஹோம் கோப்புறைக்குள் மெனுவுக்காக நீங்கள் உருவாக்கிய டெஸ்க்டாப் கோப்பையும் சேர்த்து நீக்குங்கள். அது இருந்தால் மெனு ஐகான் இன்னும் பழைய இடத்தைத்தான் தேடும்.