சொந்தப் பெயரில் தேயிலை ஏற்றுமதி: தேயிலைச் சபையில் செய்ய வேண்டியவை

பாக்கெட் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது சொந்தப் பெயரில் தேயிலை அனுப்ப ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கொழும்பில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருந்தவள் நான். நம் சனம் எடுத்த கொழுந்து யார் யாருடைய பெயரிலோ கப்பலேறுவதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

தேயிலையை வியாபாரமாக வெளியே அனுப்ப, இலங்கைத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும். 1975ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இது. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் என்பது வேறு. பெயரைப் பார்த்து அங்கே போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு, வங்கிக் கணக்கு, தூள் வைக்கும் இடம் மூன்றும் தயாரான பிறகு விண்ணப்பியுங்கள். இடம் காய்ந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய், வெங்காயம், கருவாடு கிட்டவே வரக்கூடாது, தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் தூள். தெரிந்தவர் தந்தார் என்று சாக்கில் வாங்கிய தூளை அனுப்ப முடியாது. பதிவுள்ள தொழிற்சாலையின் தூளாக இருக்க வேண்டும், வாங்கியதற்குத் தாளும் வேண்டும். பெரும்பகுதித் தேயிலை கொழும்பு ஏலத்தில்தான் கைமாறுகிறது. சிறிய ஆட்கள் தரகர் மூலம் போவது நல்லது.

தரத்துக்கு அளவுகோல், கறுப்புத் தேயிலைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3720. வெந்நீரில் இறங்கும் சாறு குறைந்தது 32 சதவீதம், எரித்தால் மிஞ்சும் மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதம் வரை. நிறத்துக்காகச் சீனி கலக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட தூள் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். தலவாக்கலையிலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பரிசோதனை பற்றி அங்கே விசாரிக்கலாம். இதையெல்லாம் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் வண்டு கண்டதற்காக ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. ஒருவர் சரக்கில் வந்த குறை, அத்தனை தோட்டத்துக்கும் அடி.

லேபிளில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். இலங்கைத் தேயிலைப் பாக்கெட்டில் பார்க்கும் சிங்க இலச்சினை சபைக்குச் சொந்தம். முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்த பாக்கெட்டுக்கு, அனுமதி வாங்கித்தான் போடலாம். பிரதேசப் பெயரும் அப்படியே. ஹட்டனும் தலவாக்கலையும் நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும், தேயிலைக் கணக்கில் அவை திம்புலைப் பிரதேசம். அந்தத் தூளுக்கு ‘நுவரெலியா’ என்று போட்டால் அது பொய். பண்டாரவளை என்றால் ஊவா. திம்புலைக்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், தைரியமாகப் போடுங்கள்!

அனுப்பும் முன் சபையின் மாதிரிப் பரிசோதனை, தேயிலைக்கான ஏற்றுமதி வரி, சுங்கப் பத்திரம். வாங்கும் நாடு தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறதா என்று விலை பேசும்போதே கேளுங்கள். ஒவ்வொரு லொட்டிலும், அதாவது அனுப்பும் ஒவ்வொரு சரக்குத் தொகுதியிலும், ஒரு மாதிரியை இறுக்கி மூடி, தேதி எழுதி எடுத்து வையுங்கள். தூள் சரியில்லை என்று அங்கிருந்து கடிதம் வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கையில் இருக்கும்.