ஜிபியு கார்பன் கணக்கு: பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

ஜிபியு (கனமான கணக்கீடுகளுக்கான கிராஃபிக்ஸ் கார்டு) ஓடும்போது என்விடியா-எஸ்எம்ஐ என்ற கண்காணிப்புக் கட்டளை காட்டும் வாட் அந்தக் கார்டுக்கு மட்டும்தான். சிபியு, ஃபேன், பவர் சப்ளை இழப்பு அதில் வராது. பிளக்கில் எனர்ஜி மீட்டர் போடுங்கள். சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை என்றால் இரண்டிலும் வேண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் பாதிதான் தெரியும். ஏசிக்குத் தனி மீட்டர்.

மீட்டர் 400 வாட் காட்டி 24 மணி நேரம் ஓடினால்: 9.6 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வீதம் 6.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பல்லடத்தில் காற்றாலை சுற்றுகிறதே என்று கோவை ஆய்வகம் பூஜ்யம் போடக்கூடாது. கிரிட் (மின்தொகுப்பு) எல்லோருக்கும் பொது.

குறைக்க, கார்டின் பவர் லிமிட்டை 300-லிருந்து 240 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள். வேலை சற்று இழுக்கும். ஆகவே வாட்டை விட்டு, ஒரு வேலைக்கான யூனிட்டை ஒப்பிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு முன் செக்பாயின்ட் (வேலை அதுவரை எட்டிய நிலை) சேமியுங்கள். இல்லையேல் செலவழித்த யூனிட் அத்தனையும் வீண்.