குளத்துப் பாசியைக் கண்ணாடி ஜாடியில் கவனிப்பது எப்படி?

குளத்தில் பச்சையாகத் தெரிவதையெல்லாம் அழுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அங்கே வாழும் புழு, பூச்சி, மீன் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் சாப்பாடு தொடங்குவது பாசியிலிருந்துதான். வேர், தண்டு, இலை எதுவும் கிடையாது. ஆனாலும் வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதை நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டு கண்ணாடி ஜாடிகள் போதும்.

படி 1: பாசி எடுப்பது

நூல் நூலாக மிதக்கும் பச்சைப் பாசியைக் கொஞ்சம் எடுங்கள். வழவழவென்று விரலில் நழுவினால் அது பெரும்பாலும் ஸ்பைரோகைரா என்ற வகை. சொரசொரப்பாக இருந்தால் கிளாடோஃபோராவாக இருக்கலாம். நீரின் மேல் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோலப் படலம் இருந்தால் மட்டும் தொடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அவை உண்மையில் பாக்டீரியாக்கள். சில வகைகளின் நச்சு நீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. எடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

படி 2: குமிழி பார்ப்பது

இரண்டு ஜாடியிலும் அதே குளத்து நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் பாசியைப் போட்டு வெயிலில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பாசி நூல்களில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டி நிற்கும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன். நீர் சூடாகும்போது அதில் கரைந்த காற்றும் குமிழியாக வெளிவரும். அதனால்தான் பாசியில்லாத ஜாடியையும் பக்கத்தில் வைக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாசியின் வேலை. உலகில் உற்பத்தியாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் இப்படித் தயாரிப்பதுதான்!

படி 3: இருட்டு

ஜாடியைக் கருப்புத் துணியால் மூடினால் புதுக் குமிழி வராது. வெளிச்சம் இல்லாதபோது பாசி ஆக்சிஜனைத் தராது, சுவாசிக்க எடுத்துக்கொள்ள மட்டும் செய்யும். பாசி மண்டிய குளத்தில் விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிப்பது இதனால்தான்.

படி 4: உரம்

அப்புறம் பாசியை எடுத்துவிட்டு, இரண்டு ஜாடியிலும் புதிதாகக் குளத்து நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை செடி உரம் சேர்த்து ஜன்னலோரம் வையுங்கள். நீரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நுண்பாசி பெருகி, இரண்டொரு வாரத்தில் உரம் போட்டது பெரும்பாலும் கூடுதலாகப் பச்சையாகும். உரத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் செய்யும் வேலை இது. வயல் உரமும் சாக்கடையும் கலக்கும் ஏரியிலும் இதுவே நடக்கிறது. பெருகிய பாசி செத்து அழுகும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் கூட்டமாகச் சாகும்.

முடிந்ததும் உரம் கலந்த நீரைக் குளத்தில் கொட்டாமல் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.